படகுக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம்

மோட்டார் படகில் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கால் வைக்காதவள் நான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்பதே பெரிய விஷயம். நின்றாலும் எருமைதான் மிதக்கும். அப்பேர்ப்பட்ட நாங்கள் இரண்டு பேரும், ஒரு படகுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கமா இடப்பக்கமா என்று வீட்டுக்குள் முட்டிக்கொண்டு நின்றோம். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். அவர் சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்தார். பட்டாசுக்குள் போகிற ரசாயனத்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். வெயில் ஏறுவதற்குள் கலந்து சலித்து முடித்துவிட வேண்டும். சின்ன அறை, ஓடுவதற்கு வசதியாகச் சுற்றிலும் வாசல். ஓட நேரம் இருக்குமா என்று வாசல் வைத்தவர்களிடம் யாரும் கேட்டதில்லை. மற்ற வேலையைவிட அதில் கூலி கூட. அது ஏன் கூட என்றும் யாரும் கேட்பதில்லை.

ஒரு கோடையில் பக்கத்து அறையில் தீப்பிடித்து, இவர் புருவமும் முன்முடியும் கருகி வீட்டுக்கு வந்தார். "ஒண்ணுமில்ல புள்ள, முடிதான, முளைச்சிரும்" என்றார். முடி முளைத்தது. ஆனால் அன்றைக்கு என் வயிற்றில் புகுந்த பயம் இறங்கவே இல்லை. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தேன். அங்கே மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஊரே வெடித்தாலும் காதில் விழாது. கேட்கவில்லை என்பதால் வெடிக்கவில்லை என்று ஆகிவிடாதே. மத்தியானம் டீ குடிக்க வெளியே வரும்போதெல்லாம் முதலில் வானத்தைத்தான் பார்ப்பேன்.

அவரிடம் வேறு வேலைக்கு மாறச் சொல்லி நான் போடாத சண்டை இல்லை. "யாரு குடுப்பா, நீ குடுக்கியா?" என்பார். பேச்சு அதோடு நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் படகு வந்தது. ஆயுத பூஜைக்கு இவர் வெடிக்குழாய்க்குச் சுற்றுகிற கழிவுக் காகிதத்தை வைத்து ஒரு சின்னத் தேர் செய்து ஆலையில் வைத்திருந்தார். சக்கரம் உருளும், வடம் இழுக்கலாம். முதலாளி அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு இவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பழைய காலண்டர்ப் படத்தைக் கொடுத்தார்.

முதலாளியின் அப்பாவிடம் ஒரு மோட்டார் படகு இருந்திருக்கிறது. மலைமேல் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது வாங்கியது. உடம்பெல்லாம் மரப்பலகை, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ். அந்த மலை ஏரியில் விட்டு, கோடைக்குக் குடும்பத்தோடு போய் ஓட்டுவாராம். அவர் இறந்ததும் படகை விற்றுவிட்டார்கள். அந்த வருஷம் கம்பெனி காலண்டரில் அப்பா நினைவாக, அவர் படகு ஓட்டுகிற படத்தைப் போட்டார்கள். வியாபாரிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பட்டாசுப் பெட்டி லேபிளிலும் அதே படகு ஏறிவிட்டது. இப்போது புதிதாகக் கட்டுகிற ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் படகை அச்சு அசலாகச் செய்து வைக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை.

"சரியா வந்துச்சுன்னா நீ மருந்து ரூமுக்குப் போக வேண்டாம். சாம்பிள் ரூமுக்கு வந்துரு. புதுப் பெட்டி, புது மாடல் செஞ்சு பாக்க ஆள் வேணும்" என்று சொல்லியிருக்கிறார். "ஆனா நான் சொல்றது பத்தாது. எங்க அக்கா பாத்துச் சரின்னு சொல்லணும். அந்தப் படகுல போனது அவதான். நான் அப்பக் கைக்கொளந்தை."

இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாமி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நினைத்தேன்.

படகு பதினெட்டு அடி நீளம் என்று முதலாளிக்குத் தெரியும். அடிக்கு ஒரு அங்குலம் என்று இவர் கணக்குப் போட்டுக்கொண்டார். மற்றதெல்லாம் படத்திலிருந்துதான். படத்தைச் சுவரில் மாட்டி, நூலைப் பிடித்து அளப்பார். ஓட்டுகிறவரின் தலை இவ்வளவு என்றால் கண்ணாடித் தடுப்பு எவ்வளவு, தடுப்பு இவ்வளவு என்றால் படகின் மூக்கு எவ்வளவு என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மலைவேம்புப் பலகையை ஈர்க்குக் கனத்துக்கு இழைத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டினார். திரைச்சீலை மாட்டுகிற பித்தளை வளையம் ஸ்டீயரிங் ஆனது. சாயந்திரம் வேலை முடிந்து வந்து கை கழுவினால் அந்தப் படகுதான். நான் கூப்பிட்டால் காதில் விழாது. கட்டினவளைவிடப் படகு பெரிதாகப் போய்விட்டது என்று கத்துவேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

படத்தில் முதலாளியின் அப்பா வெள்ளைச் சட்டையில், பையில் பேனாவோடு, ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அவரை ஒட்டி ரெட்டைச் சடையில் ஒரு சின்னப் பெண். அதுதான் அக்கா. பின்னால் சால்வை போர்த்திக்கொண்டு அவர்களுடைய அம்மா, மடியில் குழந்தை. படகு வலப்பக்கம் பார்த்துப் பாய்கிறது. பக்கவாட்டில் கம்பெனி பெயர் பெரிதாக எழுதியிருக்கும். ஸ்டீயரிங் படகின் இடப்பக்கம். இவரும் இடப்பக்கமே வைத்து, முன்பலகையை அதற்குத் தகுந்தபடி குடைந்து ஒட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் சட்டைப் பை கிழிந்திருந்ததைத் தைத்துக்கொண்டிருந்தேன். நூல் கோக்கத் தலையைத் தூக்கினால் எதிரே அந்தப் படம். ஏதோ இடித்தது. மடியில் இருந்த சட்டையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். இவருக்குப் பை இடது மார்பில். படத்தில் இருந்தவருக்கு வலது மார்பில்.

அச்சகத்தில் என் வேலையே அதுதான். கீழே விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில், படம் எடுத்த பிலிமை அளந்து வெட்டி ஒட்டுவது. பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டால் படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி அச்சாகிவிடும். எழுத்து இருந்தால் உடனே மாட்டிக்கொள்வோம். வெறும் படமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. இந்தப் படத்தில் கம்பெனி பெயர் நேராக இருக்கிறதே என்று முதலில் குழம்பினேன். உற்றுப் பார்த்தால் அந்த எழுத்து பலகையின் வளைவோடு வளையவே இல்லை. அச்சடிக்கிற இடத்தில் ஓவியர் ஒருவர் பிறகு எழுதிச் சேர்த்தது அது.

மறுநாள் படத்தைச் சுருட்டி அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் டீ குடிக்கப் போனதும் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்துப் போட்டேன். பழைய தாள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. விளக்கு வெளிச்சம் ஊடுருவி, படம் மங்கலாக மேலே வந்தது. படகு இடப்பக்கம் பாய்ந்தது. சட்டைப் பை இடது மார்புக்கு வந்தது. ஸ்டீயரிங் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை.

"காலண்டர்ல இருக்கிறபடி செய்யின்னாக. செஞ்சிருக்கேன். நீ சும்மா இரு" என்றார்.

"காலண்டரா வந்து பாக்கப் போகுது? அந்த அக்கா பாக்கப் போறாக. படகுல உக்காந்து போனவுகளுக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம்னு தெரியாதா? பாத்ததும் தப்புன்னு சொல்லிட்டா? நீங்க காலம் பூரா மருந்துலயே கெடக்க வேண்டியதுதான்."

"முதலாளிகிட்டப் போயிக் கேட்டுட்டு மாத்துவோமா?"

"கேட்டா, காலண்டரையே தப்புன்னு சொல்ல நீ யாருடாம்பாரு. பேசாம மாத்துங்க."

முன்பலகையை மாற்றுவது என்றால் ஒட்டியதைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்தால் மேல்பலகை பிளக்கலாம். அவருக்கு அது உயிர் போகிற காரியம். என்னோடு பேசாமல் இருந்தார். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து பழைய பிளேடால் அந்தப் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

அக்கா வாழ்க்கைப்பட்டது விருதுநகரில், மிளகாய் வத்தல் கமிஷன் கடை நடத்துகிற குடும்பத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே படகைக் கொண்டுவரச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். எங்களிடம் இருந்த நல்ல அட்டைப்பெட்டி பட்டாசுப் பெட்டிதான். அதில் காகிதச் சுருளைத் திணித்துப் படகை வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் பெட்டியைப் பார்த்ததும் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"பட்டாசெல்லாம் பஸ்ல ஏத்தக் கூடாது. இறங்குங்க, இறங்குங்க."

"பட்டாசு இல்லண்ணே, படகு" என்றேன்.

"என்னது?"

திறந்து காட்டினோம். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. கண்டக்டர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வழியில கண்மாயில தண்ணி கெடந்தாச் சொல்லுதேன், இறக்கி விட்டுருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு மூடியைக் கையால் அமுக்கியபடியே வந்தார்.

அக்கா அறுபதை நெருங்கியவர். கெட்டியான மூக்குக் கண்ணாடி. எங்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். நான் உட்கார்ந்து குடித்தேன். இவர் நின்றுகொண்டே டம்ளரைப் பிடித்திருந்தார். முதலாளி முன்னமே வந்திருந்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டுப் படகை அதில் வைத்தோம்.

அக்கா முதலில் தொடவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரு விரலால் படகின் மூக்கிலிருந்து வால்வரை தடவினார். "மூக்கு இப்படித்தான் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும்" என்றார். பின்னால் இன்ஜின் மூடியைக் காட்டி, "இது ரெண்டு கதவாத் தெறக்கும்" என்றார். இவர் நகத்தால் நெம்பிக் காட்டினார். இரண்டு கதவாகத் திறந்தது. அக்கா சிரித்துவிட்டார். வார்னிஷுக்குள் ஒரு இடத்தில் வெள்ளியாக மினுங்குவதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். இவர் கையில் ஒட்டியிருந்த மருந்துப்பொடிதான் அது, எவ்வளவு கழுவியும் போகாதது. இவர் பதில் சொல்வதற்குள் முதலாளி, "அது கெடக்கட்டும்க்கா, சின்னப் புள்ளிதான" என்றார்.

எனக்கு மட்டும் ஒன்று சரியாகப் படவில்லை. அந்தம்மா படகைப் பார்ப்பதைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார். சுவரில் அதே காலண்டர்ப் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள். பலகையை எண்ணுவார், திரும்பிச் சுவரைப் பார்ப்பார். சீட்டைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார்.

கடைசியாக ஸ்டீயரிங்குக்கு வந்தார். விரல் அப்படியே நின்றது.

"தம்பி, இது தப்பு."

சொல்லிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கணும். மத்ததெல்லாம் அம்புட்டு அழகாச் செஞ்சுட்டு இதைப் போயித் தப்பா வச்சிருக்கானே. எங்க அப்பா படகு எனக்குத் தெரியாதா?"

முதலாளி முகம் சிவந்தது. "ஏலே, படம் குடுத்தேன்ல? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். 'இவள்தான் மாற்றச் சொன்னாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் வந்த அன்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்மேல் வந்த ஆத்திரத்தையும் அப்படித்தான். கைக்கு வந்ததை நானே தட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

"முதலாளி, அவரைத் திட்டாதீக. மாத்தச் சொன்னது நான்" என்றேன். "காலண்டர்ல படம் திரும்பி விழுந்திருக்கு. சட்டைப் பையைப் பாருங்க."

முதலாளியின் கை தானாகத் தன் சட்டைப் பைக்குப் போனது. பிறகு சுவருக்குப் போய்க் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா தையல்காரன்கிட்டச் சொல்லி அப்படித் தச்சிருப்பாக" என்றார் அக்கா. குரலில் உறுதி இல்லை.

விட்டுவிட்டிருக்கலாம். விட எனக்கு வழி இல்லை. "அம்மா, படத்தை விடுங்க. நீங்க அப்பாவுக்கு எந்தப் பக்கம் உக்காருவீக? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?"

"அதான் படத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். பிறகு சோபாவில் போய் உட்கார்ந்து, "தம்பி, இங்கன வா" என்று இடப்பக்கத்தைத் தட்டினார். காலண்டரில் அப்பா இருப்பது அந்தப் பக்கம்தான். முதலாளி அடக்கமாகப் போய் உட்கார்ந்தார்.

"படகு வளையும்போது நான் விழுந்துருவேன்னு அப்பா தோளைச் சுத்திப் பிடிப்பாக. பிடி."

முதலாளி வலது கையை அக்காவின் தோளைச் சுற்றிப் போட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "இல்லை" என்றார். "வாட்சு இருக்கும். அந்தப் பட்டையில என் முடி மாட்டிக்கும். கையை எடுக்கும்போதெல்லாம் சுருக்குன்னு இழுக்கும், நான் கத்துவேன், அப்பா சிரிப்பாக. உன் வாட்சு எங்க?"

"இடது கைலக்கா."

"அப்ப இந்தப் பக்கம் வா."

முதலாளி எழுந்து அக்காவின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். இடது கையை அக்காவின் தோளைச் சுற்றிப் போட்டார். எஃகுச் சங்கிலிப் பட்டை, அக்காவின் நரைத்த கொண்டைக்குக் கீழே உரசியது. அந்தம்மாவின் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. கண்ணைத் திறக்கவே இல்லை. எங்களைப் போன்றவர்கள் அந்த இடத்தில் இருக்கவே கூடாது என்று தோன்றியது எனக்கு.

முதலாளிதான் முதலில் பேசினார், ரொம்பத் தாழ்ந்த குரலில். "நான்தான்க்கா திருப்பச் சொன்னேன். மறந்தே போச்சு. படகு இடப்பக்கம் பாத்துப் போனாக் கம்பெனி பின்னால போற மாதிரி இருக்கும்னு, வலப்பக்கம் பாக்கத் திருப்பிப் போடச் சொன்னேன். அப்ப எனக்கு என்ன வயசு? அப்பா போன வருஷம். எல்லாம் முன்னால போகணும்னு பயம்."

எங்கள் ஊர் அச்சகங்களில் இன்றைக்கும் அப்படித்தான். காரோ குதிரையோ மயிலோ, காலண்டரில் வலப்பக்கம்தான் பார்க்க வேண்டும். நானே எத்தனையோ பிலிமைத் திருப்பி ஒட்டியிருக்கிறேன். அதில் இருக்கிறவர்கள் யாருடைய அப்பா என்று நினைத்ததே இல்லை.

அக்கா எழுந்தார். நேராகப் பூஜை அறைக்குப் போனார். அங்கே அவருடைய அப்பாவின் பெரிய படம், பொட்டும் மாலையுமாக. "இது?" என்று கேட்டார்.

"அந்தப் படத்துல இருந்துதான்க்கா பெருசு பண்ணினோம். அப்பா சிரிச்சிருக்கிறது அது ஒண்ணுதான."

"அப்ப அப்பாவுக்கு வகிடு எந்தப் பக்கம்?"

முதலாளிக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. தன் கையைத் தூக்கி, எதிரே யாருக்கோ தலை வாருகிற மாதிரி காற்றில் இழுத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. கை நின்றுவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். "தெனமும் இவுக மூஞ்சியிலதானலே முழிச்சேன். எங்க அப்பாவையே மறந்துட்டு, இதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேனே" என்றார்.

அழுகை ஓய்ந்ததும் என்னைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். "நான் பாட்டுக்கு நல்லா இருந்தேன். நீ எதுக்கு வந்து இதைச் சொன்ன?"

நியாயமான கேள்வி. உண்மை சொல்ல வேண்டும் என்றெல்லாம் நான் நினைத்ததே இல்லை. அந்தம்மாவின் அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்தால் எனக்கு என்ன? மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு மருந்து ரூமை விட்டு வெளிய வரணும்மா. படகு சரியா இருந்தா வெளிய எடுக்கேன்னாக. அம்புட்டுத்தான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "படகு சரியாத்தான் இருக்கு. சொன்னபடி அவனை வெளிய எடு" என்றார். எழுந்து உள்ளே போகும்போது, "அதை உன் ஆபீஸ்லயே வச்சுக்கோ. என் கண்ணுல காட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தோம். "அந்தம்மா அழுதாகளே" என்றார் இவர், கொஞ்ச தூரம் போனதும்.

"ஆமா."

"நாம மாத்தாம அப்படியே கொண்டுபோயிருந்தா?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். மாற்றாமல் கொண்டுபோயிருந்தால் அந்தம்மா முதல் பார்வையிலேயே சரி என்று சொல்லியிருப்பார். எல்லோரும் சிரித்துக்கொண்டே பிரிந்திருப்போம். இவருக்கும் அதே வேலை கிடைத்திருக்கும். "வாய மூடிக்கிட்டு வாங்க" என்றேன். அவர் மூடிக்கொண்டார். எனக்குத்தான் வீடு வரை ஆறவில்லை.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. அந்த வாரமே இவரைச் சாம்பிள் ரூமுக்கு மாற்றினார். கூலி கொஞ்சம் குறைந்தது. நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. லேபிளில் படகு எப்போதும்போல வலப்பக்கம்தான் போனது. அதை மாற்றினால் வியாபாரிகள் போலி என்று நினைத்துவிடுவார்களாம். இவர் இருட்டில் எழுந்து போவது நின்றது. காலையில் இட்லி தின்றுவிட்டு, அட்டை வெட்டுகிற கத்திரியைச் சாணை பிடித்து எடுத்துக்கொண்டு போவார். முதல் சில நாள் எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது. அச்சகத்தில் பக்கத்து மேசைக்காரிக்குக் காரணமே சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில், எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் இருக்கிற ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாதவள். புருஷன் இவர் ஆலையிலேயே வெடிச்சரம் பின்னுகிறவன். கையில் ஒரு கிண்ணம் நிறையப் பால்பாயசம்.

"அக்கா, உங்க புண்ணியம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் மாறுனதால அந்த இடத்தை எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டாக. நாளைக்கழிச்சுப் போகணும். கூலி எம்புட்டுக் கூடத் தெரியுமா? அண்ணன்தான் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாகன்னு இவரு சொல்றாரு."

இவர் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆலைக்கு ஆள் வேண்டும். எடுத்த இடத்தில் இன்னொருவனைப் போட்டிருக்கிறார்கள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? எத்தனை மாசமாக அந்த அறையை நினைத்தே வாழ்ந்தேன். இவர் வெளியே வந்தால் அறை காலியாகக் கிடக்கும் என்று நினைத்திருக்கிறேன் போல. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

அவள் போகாமல் வாசலிலேயே நின்றாள். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "ஆரம்பத்துல உங்களுக்குப் பயமா இருந்துச்சாக்கா? பகல்ல, அவுக உள்ள இருக்கும்போது?"

வேண்டாம், போகச் சொல்லாதே என்று சொல்லலாம். சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். யாரு குடுப்பா, நீங்க குடுக்கீகளா என்று கேட்பாள்.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றேன். "போகப் போகப் பளகிரும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். எனக்கு அது ஒரு நாள்கூடப் பழகியதில்லை.